ஒரே இலையில் இரண்டு துண்டு

மலைக்குப் போகிற சாலையில், புளியமரங்கள் முடிகிற இடத்தில் ஒரு குடில். பங்குனி பிறந்துவிட்டால் நடந்தே மலைக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த வழியாகத்தான் வருவார்கள். குடிலில் அவர்களுக்கு மதியச் சாப்பாடு உண்டு.

குடிலை நடத்திய தெய்வானையம்மாவுக்கு வயது நாற்பதுதான். முன்பு பாலவாடி டீச்சராக இருந்தவர். உட்கார வைத்து உபதேசம் செய்கிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. யாராவது சந்தேகம் கேட்டால் ஒரு வேலை கொடுப்பார். அந்த வேலையிலேயே பதில் இருக்கிறது என்று கண்டுகொண்ட ஐந்தாறு பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

தங்கியவர்களில் வயதில் மூத்தவர் நாச்சிமுத்து. அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருஷம் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவர். மீட்டர் கோலைத் தொடமாட்டார். கண்ணாலேயே பார்த்து இரண்டரை மீட்டர் கிழிப்பார். சந்தேகப்பட்டு யாராவது அளந்தால் ஒரு விரல் கூடாது, ஒரு விரல் குறையாது. கடையை விட்டார், வீட்டைப் பிள்ளைகளிடம் விட்டார், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் குடிலுக்கு வந்தார். அந்தக் கண்ணை மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

குடிலில் ஒரு வழக்கம். இரண்டு பேருக்கு ஒரே இலை. எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் ஒரு பெரிய தலைவாழை இலையை விரித்து, ஆளுக்குப் பாதியில் சாப்பிடவேண்டும். எதிரே வந்து உட்காருவது யார் என்பது யாருக்கும் தெரியாது. கோடையில் இலைக்குத் தட்டுப்பாடு என்பதால் வந்த வழக்கம் என்று சிலர் சொன்னார்கள். 

சாப்பாடு முடியும்போது இலையின் நடுவில் இரண்டு துண்டு முலாம்பழம் வரும்.

பழம் வெட்டுவது வேலாத்தாள். பதினோரு வருஷமாக அவள்தான் அடுப்படி. பழத்தின் இரண்டு முனைகளையும் சீவிவிட்டு, இரண்டாகப் பிளந்து, விதையை வழித்துப் போட்டு, அரிவாள்மனையில் பாதிக்கு நாலு துண்டாகப் போடுவாள். ஒவ்வொரு துண்டும் உடைந்த வளையல் மாதிரி வளைந்து நிற்கும். இலையில் சாதமும் பொரியலும் போக மிஞ்சுகிற இடம் கொஞ்சம்தான். அதனால் ஒரு துண்டின் வயிற்றுக்குள் இன்னொரு துண்டின் முதுகு வருகிற மாதிரி, இரண்டையும் ஒட்டினாற்போல் படுக்க வைப்பாள்.

அன்று வந்த கூட்டத்தில் நாற்பது பேர். இருபது இலை.

பந்தியை மேற்பார்வை பார்ப்பது நாச்சிமுத்து. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இலை இலையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஏழாவது இலையில் நின்றார். அந்த இலைக்கு ஒரு பக்கம் லாரி ஓட்டுகிற ஒருவர். மறுபக்கம் ரங்காத்தாள். ரங்காத்தாள் வேறு யாருமில்லை, வேலாத்தாளின் கூடப்பிறந்த தங்கை. அவளும் அந்தக் கூட்டத்தோடு நடந்து வந்திருந்தாள்.

ரங்காத்தாள் பக்கம் இருந்த துண்டு பெரிதாக இருந்தது. லாரிக்காரர் பக்கம் இருந்தது சின்னது. பார்த்த கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"வேலாத்தா, இங்க வா."

வந்தாள்.

"இது என்ன?"

"பழமுங்கண்ணா."

"பழம்னு எனக்குத் தெரியாதா? உன் தங்கச்சிக்குன்னா பெரிய துண்டா? ஊரான் பிள்ளைக்குன்னா சின்னதா? கோயிலுக்கு நடக்கறவங்க எலையிலயே ஓரவஞ்சனையா?"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மோர் ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

வேலாத்தாள் இலையைப் பார்த்தாள். நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.  அடுப்படிக்குப் போய் அரிவாள்மனையைக் கழுவி, துடைத்து, சுவரில் சாய்த்து வைத்தாள். தன் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பின்பக்க வழியாகச் சாலைக்கு நடந்தாள். அந்தச் சாலையில் நாளுக்கு இரண்டு பஸ். காலையில் ஒன்று போய்விட்டது. அடுத்தது நாலு மணிக்கு.

ரங்காத்தாள் பழத்தைத் தொடாமல் எழுந்துகொண்டாள்.

"சண்டைக்கு வந்த பழம் எனக்கும் வேண்டாமுங்க" என்று லாரிக்காரரும் எழுந்துகொண்டார்.

கூட்டம் அரை மணி நேரம் மரநிழலில் படுத்துவிட்டு, மலையைப் பார்த்து நடையைக் கட்டியது.

நாச்சிமுத்து கொல்லைப்புறம் போனார். தெய்வானையம்மா அங்கே புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நடந்ததை நாச்சிமுத்து முதலிலிருந்து சொன்னார்.

அம்மா கேட்டுக்கொண்டே நாலு புளி உடைத்தார்.

"அளந்தீங்களாண்ணா?"

"அளக்கறதா? என் கண்ணு அளக்காததையா?"

"அந்த எலையை எடுத்துட்டு வாங்க."

அவர் இலையை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார், சாட்சியைக் கூட்டிவருகிற போலீஸ்காரர் மாதிரி. துண்டுகள் வைத்தபடியே இருந்தன. ஒன்றின் வயிற்றுக்குள் இன்னொன்று. உள்ளே அடங்கியிருந்த துண்டு இப்போதும் பெரிதாகவே தெரிந்தது.

"பாருங்கம்மா."

"பார்க்கறேன். ஒண்ணைத் தூக்கி இன்னொண்ணு மேல வைங்க."

வைத்தார்.

முனைக்கு முனை பொருந்தியது. வளைவுக்கு வளைவு பொருந்தியது. மேலே இருந்தது கீழே இருந்ததை ஒரு நூல் அளவு விடாமல் மூடிக்கொண்டது.

நாச்சிமுத்து எடுத்தார். திருப்பி வைத்தார். மறுபடி பொருந்தியது.

இலையில் பழையபடி படுக்க வைத்தார். உள்துண்டு பெரிதாகிவிட்டது.

"அம்மா, என் கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"தெரியலையேண்ணா. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. சோதிச்சுப் பாருங்க."

அம்மா அடுத்த புளியை எடுத்தார்.

நாச்சிமுத்துவுக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பாகிவிட்டது. இலையை எடுத்துப்போய் முற்றத்தில் ஒரு பலகைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் கண்ணாடியைச் சந்தேகப்பட்டார். கழற்றிவிட்டுப் பார்த்தார். மங்கலாக இருந்தது, ஆனால் உள்துண்டு பெரிதாகத்தான் இருந்தது. வலது கண்ணை மூடினார். இடது கண்ணை மூடினார். அதே கதைதான்.

வயசான கண்ணோ என்னவோ என்று தோன்றியது. குடிலில் விறகு பிளக்கிற மாரப்பனுக்கு இருபத்தைந்து வயது. வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை உலுக்கினார்.

"டேய் மாரப்பா. இதுல எது பெருசு?"

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "இதுங்க." உள்துண்டைக் காட்டிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டான்.

சரி, கண்ணில் தப்பு இல்லை. பக்கத்தில் இருப்பது எப்போதும் பெரிதாகத் தெரியும் அல்லவா? அதுவாகத்தான் இருக்கவேண்டும். நாச்சிமுத்து எழுந்து பலகையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். இப்போது உள்துண்டு அவருக்குத் தூரத்தில் இருந்தது. ஆனாலும் அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

பழத்திலேயே ஏதாவது இருக்குமோ? ஒன்று கொஞ்சம் அதிகமாகப் பழுத்து, நிறம் தூக்கலாக இருந்தது. இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். உள்ளே இருந்தது வெளியே வந்தது, வெளியே இருந்தது உள்ளே போனது.

இதுவரை சின்னதாக இருந்தது பெரிதாகிவிட்டது. பெரிதாக இருந்தது சின்னதாகிவிட்டது.

நாச்சிமுத்து தொடையில் தட்டிக்கொண்டார். காரணம் பிடிபட்டுவிட்டது. ஓடாத குறையாகக் கொல்லைப்புறம் வந்தார்.

"அம்மா, ஆசை! ஆசைதானம்மா காரணம். மனசு ஆசைப்படற பொருளைக் கண்ணு பெருசாக் காட்டுது. இதைத்தானே நான் தெரிஞ்சுக்கணும்னு நீங்க நெனைச்சீங்க?"

அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"உங்களுக்கு முலாம்பழத்துல ஆசையாண்ணா?"

"எனக்கா? எனக்குத்தான் சர்க்கரை இருக்கே. ஆறு வருஷமாத் தொடறதில்ல. அதைப் பார்த்தாலே மாத்திரை ஞாபகம்தான் வருது."

"மாரப்பனுக்கு?"

"தூக்கத்துல இருந்தவனுக்கு என்ன ஆசைங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. தலையைச் சொறிந்துகொண்டார்.

"ஆசையா இருந்தா எனக்கும் வசதியா இருக்கும்ண்ணா" என்றார் அம்மா. "வரவங்ககிட்ட ஆசையை விடுங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சிடலாம். ஆனா சோதிக்காம எப்படிச் சொல்றது?"

முற்றத்துக்குத் திரும்பி வந்தால் பலகைமேல் ஒரு துண்டுதான் இருந்தது. குடிலின் வெள்ளாடு மற்றதை முடித்துவிட்டு, தாடியில் சாறு ஒழுக நின்றுகொண்டிருந்தது. அதை விரட்டுகிற அவசரத்தில் அவர் பலகையைத் தட்டிவிட, மிச்சத் துண்டு மண்ணில் விழுந்தது. ஆடு அதையும் எடுத்துக்கொண்டது.

புளிக் கூடையோடு வந்த அம்மா சிரித்துவிட்டார்.

"முதல்ல எதைத் தின்னுச்சு? பெருசையா, சின்னதையா?"

"எது வாய்க்குக் கிட்ட இருந்துச்சோ அதைம்மா."

பழம் போனதும் ஒரு வகையில் நல்லதாயிற்று. போன வருஷக் காலண்டர் அட்டை ஒன்று சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அதை எடுத்து இரண்டாக மடித்தார். மடிப்பின்மேல் ஒரு வளைந்த துண்டை வரைந்து, கத்திரியால் ஒரே வெட்டாக வெட்டினார். முப்பத்தைந்து வருஷக் கை. இரண்டு அட்டைத் துண்டு கிடைத்தது. ஒரே வெட்டில் வந்தவை. ஒன்று பெரிதாகவும் ஒன்று சின்னதாகவும் இருக்க வழியே இல்லை. பழைய காலண்டர் அட்டைமேல் ஆசைப்படுகிற மனுஷனும் உலகத்தில் இல்லை.

ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றை வைத்தார்.

உள்ளே இருந்த அட்டை பெரிதாகிவிட்டது.

"அப்போ ஆசையும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. நல்ல காரணம் அது.

பிறகு அட்டைகளை ஒவ்வொரு விதமாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். முற்றத்தின் இரண்டு மூலையில் ஒவ்வொன்றை வைத்தார். சமமாகத் தெரிந்தன. முதுகோடு முதுகு ஒட்டி வைத்தார். சமமாகத் தெரிந்தன. மறுபடி ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றை வைத்தார். பெரிதும் சின்னதும் வந்துவிட்டது. வளைவில்லாமல் நேரான இரண்டு பட்டை வெட்டி ஒன்றின்கீழ் ஒன்றை வைத்தார். சமம்.

வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. அவர் கவனிக்கவில்லை. மாரப்பன் எழுந்து முகம் கழுவி, டீ போட்டு, அவர் பக்கத்தில் ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் போனான். அது ஆடை கட்டியது. கடையில் புதுப்பட்டு இறங்கிய நாளில்கூட அவர் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லை.

கடைசியில் பிடித்துவிட்டார். வளைந்த துண்டுக்கு இரண்டு ஓரம். முதுகு ஓரம் நெட்டை, வயிற்று ஓரம் குட்டை. ஒன்றுக்குள் ஒன்றை வைக்கும்போது வெளித்துண்டின் குட்டை ஓரமும் உள்துண்டின் நெட்டை ஓரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. கண் முழுத் துண்டையும் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கிற அந்த இரண்டு ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு, இது பெரிது, அது சின்னது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

அட்டைகளோடு அம்மாவிடம் ஓடினார். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா புளியைக் கீழே வைத்துவிட்டு, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.

"நல்லாச் சோதிச்சிருக்கீங்கண்ணா."

நாச்சிமுத்துவுக்கு முகம் பூத்துவிட்டது.

"இப்போ காரணம் தெரிஞ்சுபோச்சில்ல? அட்டையை மறுபடி வைங்க."

வைத்தார். குனிந்து பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் பெருசாத்தான் தெரியுதும்மா."

"ஓஹோ."

"காரணம் தெரிஞ்சப்புறமும் எப்படித் தெரியும்? அப்படின்னா இது முழுக் காரணம் இல்ல. உள்ள இன்னொரு காரணம் இருக்குது. இருங்க, இன்னும் ரெண்டு அட்டை வெட்டறேன். ஓரத்துல மை தடவிப் பார்க்கறேன். அப்புறம் நெழல்ல வெச்சு..."

"மணி என்னண்ணா?"

அவர் உள்ளே எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணே முக்கால்."

"காரணம் எங்கயும் போகாது. நாளைக்கும் இங்கதான் கெடக்கும். பஸ் நிக்காது."

நாச்சிமுத்து ஒரு நிமிஷம் விளங்காமல் நின்றார். பிறகு விளங்கியது. பன்னிரண்டரை மணியிலிருந்து மூணே முக்கால் வரைக்கும் வேலாத்தாள் என்ற பேரே மனசில் வரவில்லை. அட்டைகள் கையில் இருந்தபடியே, செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

வேலாத்தாள் சாலையோரம் மைல்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. முகத்தைப் பஸ் வருகிற திசைக்குத் திருப்பிக்கொண்டாள்.

"வேலாத்தா. நீ வெட்டினது சரிதான்."

அவள் மடியிலிருந்த பையை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். இங்க பாரு, இந்த அட்டையைப் பாரேன்."

தரையில் குந்தி உட்கார்ந்து, மண்ணைக் கையால் ஒதுக்கிவிட்டு, அட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். அவள் வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள்.

"எது பெருசு?"

"இது." உள்ளே இருந்த அட்டையைக் காட்டினாள். காட்டிய விரல் அப்படியே நின்றது. முகம் மாறிப்போயிற்று.

"நான் இப்படித்தானேண்ணா வைப்பேன்."

"ஆமா."

"அப்போ நீங்க சொன்னது நெசந்தானா? பதினோரு வருஷமா நான் ஒருத்தருக்குப் பெருசும் ஒருத்தருக்குச் சிறுசுமாத்தான் வெச்சிருக்கேனா? என் தங்கச்சிங்கறதால என்னையறியாமக் கை அப்படிப் போயிருச்சா?"

நாச்சிமுத்து இதை எதிர்பார்க்கவில்லை. மத்தியானம் இதே கண்ணை நம்பி அவளைக் குற்றம் சொன்னார். இப்போது அவள் அவளுடைய கண்ணை நம்பித் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"இல்ல அம்மணி. இல்லவே இல்ல. நீயே எடுத்து வெச்சுப் பாரு."

அவள் ஒன்றைத் தூக்கி மற்றதன்மேல் வைத்தாள். விரலால் ஓரத்தைச் சுற்றித் தடவினாள். எங்கேயும் இடறவில்லை. மறுபடி பிரித்து வைத்தாள், மறுபடி தூக்கி வைத்தாள். நாலு தடவை செய்தாள்.

"பொருந்துது" என்றாள்.

"பொருந்துது."

"ஆனா பெருசாத் தெரியுது."

"தெரியுது. ஆனா சமம். நீ வெட்டினதுல ஒரு கொறையும் இல்ல."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் கடுமையாகவே கேட்டாள்.

"அண்ணா, மத்தியானம் நாப்பது பேர் முன்னால சொன்னீங்க."

"நாளைக்கு அம்பது பேர் வருவாங்க. அவங்க முன்னால சொல்றேன்."

"நாளைக்கு வரவங்களுக்கு என்ன தெரியும்? மத்தியானம் கேட்டவங்க காதோட வாங்கிட்டுப் போயிட்டாங்களேண்ணா. என் தங்கச்சியும் கேட்டுட்டுத்தானே போறா."

தூரத்தில் ஹாரன் கேட்டது.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து தலையை நீட்டினார். "ஏறுங்க, ஏறுங்க. இன்னிக்கு இதான் கடைசி வண்டி."

பஸ் மலைப்பக்கம்தான் போகிறது. கூட்டமும் மலைப்பக்கம்தான் போயிருக்கிறது. நாச்சிமுத்து அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு வேலாத்தாளுக்கு முன்னால் தாமே ஏறினார்.

"எங்கண்ணா ஏறறீங்க?"

"நாப்பது பேரைப் பிடிக்க."

உட்கார்ந்ததும் முதல் வேலையாக இரண்டு அட்டையையும் மடியில் வைத்துக் கண்டக்டரிடம் காட்டினார். "தம்பி, இதுல எது பெருசு?"

"இது. எங்க எறங்கணும்?"

"பார்த்தியா!" என்றார் வேலாத்தாளிடம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் சிரிப்பை அடக்கிய தோள் குலுங்கியது.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டியதும் சாலையோரம் பச்சை வேட்டிகளும் பச்சைச் சேலைகளும் வரிசையாகத் தெரிந்தன. இரண்டு பேரும் இறங்கிக்கொண்டார்கள்.

நடக்கிறவர்கள் நிற்கமாட்டார்கள். இருட்டுவதற்குள் அடுத்த சாவடிக்குப் போயாகவேண்டும். எல்லோரையும் உட்கார வைத்து ஒரே தடவையில் சொல்லிவிடலாம் என்ற நாச்சிமுத்துவின் எண்ணம் பலிக்கவில்லை. கடைசி ஆளிடமிருந்து ஆரம்பித்தார். கூடவே நடந்தபடி சொன்னார்.

"மத்தியானம் குடில்ல நான் சத்தம் போட்டேனே, அது தப்புங்க. அந்தப் பொண்ணு வெட்டினது சமம்."

"சரிங்க" என்றார் அவர். நாச்சிமுத்து எட்டிப்போட்டு அடுத்தவரைப் பிடித்தார்.

"மத்தியானம் நான் சத்தம் போட்டேனே..."

தார் ரோடு கொதித்தது. காலில் செருப்பில்லை. சிலர் தலையாட்டினார்கள். சிலர் "அதை நாங்க அப்பவே மறந்துட்டோமே" என்றார்கள். சிலருக்கு அட்டையைக் காட்டவேண்டியிருந்தது. நடந்தபடியே உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். லாரிக்காரர் இரண்டு அட்டையையும் வாங்கி மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "அப்போ நான் திங்காம விட்டதும் முழுத் துண்டுதான்!" என்று அங்கலாய்த்தார்.

முப்பத்தொன்பது பேரிடம் சொல்லி முடித்தபோது நாச்சிமுத்துவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. முன்வரிசையில் ரங்காத்தாள் போய்க்கொண்டிருந்தாள். அக்கா பின்னால் வருவது தெரிந்தும் திரும்பாமல் நடந்தாள்.

நாச்சிமுத்து அட்டையை நீட்டினார்.

"இதுதானே பெருசு?" என்றாள் ரங்காத்தாள்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது."

"அப்புறம் எப்படிச் சமம்ங்கறீங்க?"

ஒன்றை எடுத்து மற்றதன்மேல் வைத்துக் காட்டினார்.

ரங்காத்தாள் நின்றுவிட்டாள். அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அப்பவே நெனைச்சேன். இவளாவது எனக்குப் பெருசா வெட்டறதாவது! சின்னப்பிள்ளையிலயே என் பங்குல ஒரு கடி கடிச்சுட்டுத்தான் குடுப்பா."

வேலாத்தாள் ஓடிவந்து அவள் முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவில் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. அவர் ஒரு புளியமரத்து வேரில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டார். இரண்டு கொப்புளம்.

தங்கை கூட்டத்தோடு போய்விட்டாள். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"நாளைக்கு எத்தனை பேர் வராங்கன்னு சொன்னாங்கண்ணா?"

"அம்பதுன்னு அம்மா சொன்னாங்க."

"அப்போ நாளைக்கு வெள்ளனே எழுந்து உலை வைக்கணும். நடங்க."

பால் வேன் ஒன்று எதிரே வந்தது. ஏற்றிக்கொண்டது.

மறுநாள் மதியம் இருபத்தைந்து இலை. சாப்பாடு முடிகிற நேரத்தில் வேலாத்தாள் அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்து பழம் வெட்டினாள். வெட்டி முடித்துவிட்டு நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"எப்படிண்ணா வைக்கறது? தள்ளித் தள்ளி வெச்சா வம்பில்ல."

"தள்ளி வெச்சா சாறு பொரியல்ல எறங்கும். எப்பவும் போல வை."

அவள் இலையில் வைக்கப் போனாள். அவர் தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு நான் வைக்கறேன்."

கொப்புளக் காலோடு ஒவ்வொரு இலையாகப் போனார். ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று. ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்று. ஐந்தாவது இலையில் கை தயங்கியது. ஒரு பக்கம் யாரோ ஒரு பெரியவர், மறுபக்கம் யாரோ ஒரு பெண். பெண்ணின் பக்கம் இருந்த துண்டு பெரிதாகத் தெரிந்தது. சந்தேகமே இல்லாமல் பெரிதாகத் தெரிந்தது.

தெய்வானையம்மா அடுத்த இலைக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் நாச்சிமுத்து, மெதுவாக.

"ம்."

"காரணம் தெரியும். அளந்தும் பார்த்தாச்சு. நாப்பது பேர்கிட்ட சொல்லியும் ஆச்சு. இன்னும் பெருசாத்தான் தெரியுது."

"எனக்கும்தான்."

"உங்களுக்குமா?"

"பாலவாடியில எட்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பழம் வெட்டிக் குடுத்திருக்கேன். ஒரு நாள்கூடச் சமமாத் தெரிஞ்சதில்ல."

நாச்சிமுத்து தட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்புறம் எப்படிம்மா குடுத்தீங்க?"

அம்மா மோர்க் குவளையை நிமிர்த்தினார்.

"வெட்டினபடி குடுத்தேன். அடுத்த எலைக்குப் போங்கண்ணா, காத்துட்டிருக்காங்க."